282 மார்க்கும் நம் பிள்ளைகளும்

(தாராவியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, பெரியோர்களே, ரிசல்ட் வந்த நாளிலிருந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே!

எஸ்.எஸ்.சி. ரிசல்ட் வந்துவிட்டால் 90 அடி ரோடு முழுக்க பேனர். 92 வாங்கிய பிள்ளையின் படம் சின்னதாக, வாழ்த்துகிற தலைவரின் படம் பெரிதாக. அந்தப் பிள்ளைகளுக்கு நம்முடைய வாழ்த்தும் உண்டு. ஆனால் இன்றைய கூட்டம் அவர்களுக்காகக் கூட்டியதல்ல. 42, 48, 55 என்று வாங்கி, வீட்டில் யார் முகத்தையும் பார்க்காமல் இருக்கிற பிள்ளைகளுக்காகவும், "அவனுக்குப் படிப்பு ஏறல அண்ணாச்சி, ஏதாவது பட்டறையில சேத்து விடுங்க" என்று சங்கத்துக்கு வந்து கேட்கிற பெற்றோர்களுக்காகவும் கூட்டியது.

முதலில் ஒரு மார்க் ஷீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1907ஆம் ஆண்டு. இங்கிருந்து நாலைந்து ஸ்டேஷன் தள்ளியிருக்கிற பரேல். ஒரே அறை உள்ள சால் வீடு. அந்த அறையில்தான் சமையல், அதில்தான் படுக்கை, அதில்தான் படிப்பு. தகப்பனார் இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிடுவார், மற்றவர்கள் தூங்குகிற நேரத்திலாவது அவன் படிக்கட்டும் என்று. அந்தப் பையன் எல்ஃபின்ஸ்டன் ஹைஸ்கூலிலிருந்து மெட்ரிக் எழுதினான். வாங்கியது 750க்கு 282. கணக்குப் போட்டால் 37.6 விழுக்காடு. அந்தப் பையன் பெயர் பீம்ராவ் ராம்ஜி அம்பேத்கர்.

இதைக் கேட்டதும் சிலர் கை தட்டுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் காலத்து மார்க்கை இந்தக் காலத்து மார்க்கோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. அன்றைக்கு மார்க்கை வாரி வழங்கும் வழக்கம் இல்லை. தீண்டப்படாத வீட்டிலிருந்து ஒரு பையன் மெட்ரிக் தேறியதே ஊர் கூடிப் பாராட்டுக் கூட்டம் நடத்துகிற சங்கதி. அப்படிக் கூட்டமும் நடந்தது. அதில்தான் கேலூஸ்கர் என்கிற ஆசிரியர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அந்தப் பையனுக்குப் பரிசாகக் கொடுத்தார். ஆனாலும் 282 என்பது 282தான். சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டவனுக்கு அது மறுக்கப்பட்டு, பாரசீகம் படித்து எழுதிய பரீட்சை அது. பள்ளிக்கூடத்தில் எந்த இடத்தில் உட்காரலாம், எந்தத் தண்ணீரைத் தொடலாம் என்று பிறர் தீர்மானித்த ஒரு பையன் எழுதிய பரீட்சை.

இதற்கு அப்புறம் நடந்ததை எல்லோரும் அறிவோம். எல்ஃபின்ஸ்டன் கல்லூரி. பரோடா மகாராஜா கொடுத்த மாதம் 25 ரூபாய் உதவி. 1912இல் பி.ஏ. 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம். அதற்குப் பிறகு லண்டன் பொருளாதாரக் கல்லூரி, அங்கே 1923இல் டி.எஸ்.சி. பட்டம். இடையில் பாரிஸ்டர். உலகத்திலேயே நுழைவதற்குக் கடினமான இடங்கள் இவை. நாம் கவனிக்க வேண்டியது, 282க்கும் கொலம்பியாவுக்கும் நடுவில் இருக்கிற 6 வருஷங்களை. அந்த ஆறு வருஷமும் வீட்டில் யாரும் அவரை நிறுத்தவில்லை. மகாராஜாவிடம் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்த ஒரு கேலூஸ்கர் இருந்தார். புத்தகமும் உடுப்பும் கொடுத்த முல்லர் என்கிற பேராசிரியர் ஒருவர் இருந்தார். மூளை அவருடையது, உழைப்பும் அவருடையது. காத்திருக்கிற தைரியம் சுற்றி இருந்தவர்களுடையது. நாம் அம்பேத்கராக முடியாது. ஆனால் ராம்ஜியாக இருக்கலாம், கேலூஸ்கராக இருக்கலாம். அதற்கு எந்தப் பரீட்சையும் எழுத வேண்டாம்.

(ஒரு இடைச்செருகல். மேடைக்கு மேடை கணித மேதை ராமானுஜனைச் சொல்கிறார்கள். கும்பகோணத்தில் தோற்றார், பச்சையப்பனில் தோற்றார், 1914இல் கேம்பிரிட்ஜ் போனார் என்று. உண்மைதான். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர் என்பதால் எங்களுக்கும் அவர் மேல் தனிப் பாசம் உண்டு. ஆனால் கணக்கில் மட்டும் மிஞ்சி நின்று மற்றதில் தோற்றவரைக் காட்டி, எல்லாப் பாடத்திலும் 45 வாங்கிய பிள்ளைக்கு என்ன வழி சொல்ல முடியும்? அந்த உதாரணம் கைதட்டலுக்கு உதவும். காரியத்துக்கு உதவாது.)

சரி, நம் பிள்ளைகள் ஏன் ஹைஸ்கூலில் சறுக்குகிறார்கள்? புத்தி மட்டம் என்று சொல்கிறவர்களை நாங்கள் நம்புவதில்லை. ஏழாம் வகுப்பு வரை நன்றாகப் படித்த பிள்ளை எட்டாவதில் மட்டமாகிவிடுமா? மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிக்கூடம் நடத்துகிறது, அதில் தமிழும் ஒன்று. நல்ல விஷயம், நாம் போராடிக் காப்பாற்ற வேண்டிய விஷயம். ஆனால் தமிழ் வழிப் பள்ளிகள் பெரும்பாலும் ஏழு, எட்டோடு நின்றுவிடுகின்றன. தமிழிலேயே பத்து வரை போகிற வாய்ப்பு சிலருக்குத்தான். மற்ற பிள்ளைகள் ஒரு ஜூன் மாதத்தில் திடீரென்று இங்கிலீஷ் மீடியத்திலோ மராத்தி மீடியத்திலோ போய் உட்காருகிறார்கள். நேற்று வரை 'ஒளிச்சேர்க்கை' என்று படித்தது இன்றைக்கு 'ஃபோட்டோசிந்தசிஸ்'. 'பின்னம்' என்று படித்தது 'ஃபிராக்ஷன்'. விஷயம் தெரியும், அதன் பெயர் தெரியாது. டீச்சர் கேள்வி கேட்டால் விடை தொண்டை வரை வரும், வாய்க்கு வராது. வகுப்பே சிரிக்கும். இரண்டு தடவை சிரித்தால் மூன்றாம் தடவை பிள்ளை கை தூக்காது. எட்டாவதிலும் ஒன்பதாவதிலும் போகிற மார்க் அறிவில் போன மார்க் அல்ல, பாஷையில் போன மார்க். பாஷை பிடிபட இரண்டு மூன்று வருஷம் ஆகும். பிடிபடுகிற நேரத்தில் எஸ்.எஸ்.சி. வந்து நிற்கும்.

இதில் இன்னொரு சூழ்ச்சியும் இருக்கிறது, அதைப் பெயர் சொல்லாமல் சொல்கிறோம். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டும் என்பதற்காக, சில பள்ளிக்கூடங்கள் ஒன்பதாவதிலேயே பிள்ளைகளை வடிகட்டிவிடுகின்றன. பெற்றோரைக் கூப்பிட்டு, "உங்க பையன் தேற மாட்டான், லீவிங் சர்டிபிகேட் வாங்கிக்கோங்க, வெளியே எழுதட்டும்" என்று தன்மையாகப் பேசுவார்கள். பத்து மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்த தகப்பன் இங்கிலீஷில் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். தாய்மார்களே, அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். சங்கத்திலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்கிற ஆள் கூட இருந்தால் பேச்சின் சுருதி மாறும், நாங்கள் பல தடவை பார்த்திருக்கிறோம்.

ஏற்கெனவே வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. 17ஆம் நம்பர் பாரம் போட்டுத் தனித் தேர்வராகப் பத்தாவது எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. வேலைக்குப் போகிற பிள்ளைக்கு நைட் ஸ்கூல் இருக்கிறது. ஒன்றிரண்டு பாடத்தில் தவறியிருந்தால் ஏ.டி.கே.டி. வாங்கிக்கொண்டு பதினொன்றில் சேரலாம், துணைத்தேர்வில் அந்தப் பாடத்தை முடித்துக்கொள்ளலாம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பெரிய காலேஜ் என்று நாம் அண்ணாந்து பார்க்கிற இடங்கள் எல்லாம் நம் வீட்டைச் சுற்றித்தான் இருக்கின்றன. மாட்டுங்காவில் இருக்கிறது, 1887இல் தொடங்கிய வி.ஜே.டி.ஐ. அதன் பக்கத்தில் 1933இல் தொடங்கிய ரசாயனத் தொழில்நுட்பக் கல்லூரி, இப்போது ஐ.சி.டி. என்கிறார்கள். பவாயில் இருக்கிறது, 1958இல் தொடங்கிய ஐ.ஐ.டி. செம்பூர்க்காரர்களுக்குக் கூப்பிடு தூரத்தில், தேவ்னாரில், டாடா சமூக அறிவியல் கழகம். சயான் ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒரு மருத்துவக் கல்லூரி. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவைக் கூட்டுகிற நம் தாய்மார்கள் எத்தனை பேர், அந்தக் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்த நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால் தெரியும் நம்முடைய அரசியல்.

இந்த இடங்கள் ஒன்றாவது உங்கள் பிள்ளையின் எட்டாம் வகுப்பு மார்க்கைக் கேட்கிறதா? இல்லை. ஒன்பதாம் வகுப்பு மார்க்கை? இல்லை. அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே பெரிய கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டால் ஒன்பதாவது முதல் நான்கு வருஷ மார்க்கையும் வரிசையாகப் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் தாழ்ந்து பிறகு ஏறியிருந்தால், ஏன் தாழ்ந்தது, எப்படி ஏறியது என்று எழுதி விளக்கலாம். நம் நாட்டில் விளக்கம் கேட்கிற ஆளே கிடையாது. ஒரே பரீட்சை, ஒரே நாள், ஒரே நம்பர். இது கொடூரமான முறை, அதை நாங்கள் மறுக்கவில்லை. காய்ச்சலில் எழுதியவனுக்கும் கரண்ட் இல்லாத வீட்டில் படித்தவனுக்கும் அதில் இரக்கம் இல்லை. ஆனால் தாமதமாக எழுந்தவனுக்கு அதே முறையில் ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது. பழைய கதையை அது கேட்பதில்லை.

வரிசையாகப் பாருங்கள். ஐ.ஐ.டி.க்கு ஜே.இ.இ. மெயின், அதில் முன்னால் வருகிற இரண்டரை லட்சம் பேருக்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு. எஸ்.எஸ்.சி. மார்க்குக்கு அதில் இடமே இல்லை. வி.ஜே.டி.ஐ. போன்ற மாநில இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு எம்.எச்.டி. சி.இ.டி. டாக்டர் படிப்புக்கு நீட். சட்டத்துக்கு கிளாட், மாநில சி.இ.டி. அம்பேத்கர் 1935இல் முதல்வராக இருந்த சர்ச்கேட் அரசு சட்டக் கல்லூரிக்கும் இப்போது சி.இ.டி. வழியாகத்தான் இடம். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 2021இல் சில கல்லூரிகள் 100 விழுக்காடு கேட்டன. 2022 முதல் அங்கேயும் க்யூயட் என்கிற நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. நுழைவுத் தேர்வு நல்லதா கெட்டதா என்பது பெரிய வாதம். தமிழ்நாடு இன்ஜினியரிங்குக்கு அதை ஒழித்து, பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை மட்டும் பார்க்கிறது. அதுதான் ஏழைக்கு நியாயம் என்பது எங்கள் கட்சி. கிளாஸுக்கு லட்சக்கணக்கில் கொட்டுகிறவன் பிள்ளையோடு, கிளாஸ் வாசலையே மிதிக்காத பிள்ளையை ஓட விடுவது பந்தயமே அல்ல. ஆனால் வாதம் முடிகிற வரைக்கும் நம் பிள்ளைகளின் வயசு நிற்காது. இருக்கிற வழியில் ஏறிக்கொண்டே வழியை மாற்றப் போராட வேண்டியதுதான்.

ஆக, எஸ்.எஸ்.சி. மார்க் எங்கேதான் வேலை செய்கிறது? முக்கியமாகப் பதினொன்றாம் வகுப்பு இடத்துக்கு. ரூயா, போதார் போன்ற மாட்டுங்கா காலேஜ்களில் அந்தக் கட்-ஆஃப் 90ஐத் தாண்டி நிற்கும். 50 வாங்கிய பிள்ளை அங்கே போக முடியாது. போகட்டும். இங்கேதான் பெற்றோர்கள் இரண்டு விதமாக ஏமாறுகிறார்கள். ஒரு சாரார், நல்ல காலேஜ் கிடைக்கவில்லை என்று படிப்பையே நிறுத்துகிறார்கள். இன்னொரு சாரார், கேள்விப்பட்ட பெயருள்ள காலேஜில் எந்தப் பிரிவில் இடம் கிடைத்தாலும் சேர்த்துவிடுகிறார்கள். இன்ஜினியர் ஆக ஆசைப்பட்ட பிள்ளை, பெயருக்காக வேறு பிரிவில் உட்கார்ந்தால், பவாயின் கதவு அன்றைக்கே சாத்திக்கொள்ளும். கணக்கும் இயற்பியலும் இல்லாமல் அந்தப் பரீட்சையை எழுதவே முடியாது. காலேஜின் பெயரைப் பார்க்காதீர்கள், பாடத்தைப் பாருங்கள். பெயர் தெரியாத காலேஜில் சயன்ஸ் படித்துவிட்டு சி.இ.டி.யில் மார்க் வாங்கினால் வி.ஜே.டி.ஐ. அந்தக் காலேஜ் எது என்று கேட்காது.

அந்த இரண்டு வருஷத்தில் சாய்ந்து உட்கார இடம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சி.இ.டி. கேள்விகளில் ஐந்தில் ஒரு பங்கு பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து வருகிறது. "லெவன்த்தானே, ரெஸ்ட் இயர்" என்று திரிகிற பிள்ளை அங்கேயே ஒரு பங்கை இழக்கிறான். நுழைவுத் தேர்வு ஒன்றே போதும், ஹெச்.எஸ்.சி.யில் பாஸ் ஆனால் சரி என்று கிளாஸ்காரர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இரண்டுக்கும் பன்னிரண்டாவதில் 75 விழுக்காடு வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 65. இல்லையென்றால் போர்டில் முதல் 20 பெர்சென்டைலுக்குள் இருக்க வேண்டும். பரீட்சையில் ரேங்க் வந்தும் இந்த விதி தெரியாமல் சீட் இழந்தால் அதைவிட வயிற்றெரிச்சல் உண்டா?

ஒரு வருஷத்தில் முடியாவிட்டால்? ஜே.இ.இ. மெயினைப் பன்னிரண்டாவது முடிக்கிற வருஷமும் அதற்கு அடுத்த இரண்டு வருஷமும் எழுதலாம். அட்வான்ஸ்டு அடுத்தடுத்த இரண்டு வருஷம். ரயில்வேயில் வேலை பார்க்கிற எங்களுக்குத் தெரியும், லேட்டாகப் புறப்பட்ட வண்டி வழியில் நேரத்தைப் பிடிக்கும். அதற்காகவே டைம்டேபிளில் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருப்பார்கள். தாதரில் லேட் என்பதற்காக வண்டியைக் கல்யாணோடு யாரும் ரத்து செய்வதில்லை.

சயன்ஸ் சீட்டே கிடைக்கவில்லையா, அல்லது சீக்கிரம் சம்பாதித்தாக வேண்டிய வீடா? பாலிடெக்னிக் இருக்கிறது. எஸ்.எஸ்.சி.யில் 35 விழுக்காடு இருந்தால் டிப்ளமோவுக்கு விண்ணப்பிக்கலாம். மூன்று வருஷம். வேலைக்கும் போகலாம், நல்ல மார்க் வாங்கினால் இன்ஜினியரிங்கில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரலாம். வி.ஜே.டி.ஐ.யிலும் அப்படிச் சேர்கிற இடங்கள் உண்டு. அங்கே பார்ப்பது டிப்ளமோ மார்க்கை, பத்தாம் வகுப்பு மார்க்கை அல்ல. ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோவில் இரண்டாம் வருஷத்தில் சேரலாம். பட்டறையில் கை பழகிய பிள்ளைகளுக்கு இது பின்வாசல் அல்ல, பக்கவாசல். இதை நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நம் பகுதியில் இந்த வாசல் பலருக்குத் தெரியவே தெரியாது. கிளாஸ்காரர்களும் சொல்ல மாட்டார்கள், சொன்னால் அவர்களுக்கு என்ன லாபம்?

ஆர்ட்ஸ் எடுத்த பிள்ளைகள் மனம் தளர வேண்டாம். வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்காக 1946இல் அம்பேத்கர் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார், காலை நேர வகுப்புகளோடு. எந்தக் கல்லூரியில் படித்தால் என்ன, பி.ஏ. முடித்து நுழைவுத் தேர்வு எழுதி தேவ்னாரில் எம்.ஏ. சேரலாம். அது நாடு முழுக்கப் போட்டி போடுகிற இடம். அங்கேயும் யாரும் எஸ்.எஸ்.சி. மார்க்கால் தரம் பிரிப்பதில்லை.

இப்போது காகிதத்தைப் பற்றி. இதுதான் வெளியூரிலிருந்து வந்த நமக்கு மட்டும் உள்ள தலைவலி. ஆகவே கவனமாகக் கேளுங்கள்.

ஆந்திராவிலிருந்து மும்பை வந்த ஒரு மாணவர், சொந்த மாநிலத்தில் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர், பரேலில் உள்ள சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் அந்த ஒதுக்கீட்டில் இடம் கேட்டு சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1990இல் அரசியல் சாசன பெஞ்ச் தீர்ப்புச் சொன்னது. பட்டியல் என்பது மாநிலத்துக்கு மாநிலம் தனி, ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதிக்காரர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது என்று. 1994இல் மகாராஷ்டிரச் சாதிச் சான்றிதழ் வழக்கிலும் அதையே உறுதி செய்தார்கள். மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டுமானால் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே குடும்பம் இங்கே குடியிருந்ததற்குச் சான்று கேட்பார்கள். சாதியின் பெயர் இந்த மாநிலப் பட்டியலிலும் இருக்க வேண்டும். திருநெல்வேலியில் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவன் வி.டி. ஸ்டேஷனில் இறங்கியதும் முன்னேறிய வகுப்பு ஆகிவிடுகிறானாம்! தாராவியின் ஒன்பதடி அறையில் அவன் எந்த முன்னேற்றத்தைக் கண்டான் என்று எந்தக் கோர்ட்டும் வந்து பார்க்கவில்லை. இந்தத் தீர்ப்பை மாற்றச் சட்டம் வேண்டும், அதற்காக எல்லாக் கட்சிக்காரர்களின் கதவையும் தட்ட வேண்டும். அது ஒரு பக்கம்.

மறு பக்கம், பலர் இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு "நமக்கு எங்கேயும் கோட்டா கிடையாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. மாநில ஒதுக்கீடுதான் இல்லை. மத்திய ஒதுக்கீடு உண்டு. ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகங்கள், மருத்துவத்தில் 15 விழுக்காடு அகில இந்திய இடங்கள், இவற்றுக்கெல்லாம் தமிழ்நாட்டுச் சான்றிதழ் செல்லும். தகப்பனாருக்கு ஊர் தாசில்தார் கொடுத்த சான்றிதழைக் காட்டினால், அதன் பேரில் பிள்ளைக்கு இங்குள்ள அதிகாரியே சான்றிதழ் தர மத்திய அரசின் விதி இடம் கொடுக்கிறது. அப்படி ஒன்று இல்லை என்று ஜன்னலில் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். பிற்பட்ட வகுப்பாருக்கு மத்தியப் பட்டியலில் சாதியின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அந்தக் 'கிரீமி லேயர் அல்ல' என்கிற சான்றிதழை ஒவ்வொரு வருஷமும் புதிதாக வாங்க வேண்டும். மதம் மாறிய குடும்பங்களுக்குச் சட்டம் வேறு விதம், அவர்கள் தனியாக வந்து பேசுங்கள்.

வேறு ஒரு உரிமையும் நமக்கு உண்டு. அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவுப்படி மகாராஷ்டிரத்தில் தமிழர் மொழிச் சிறுபான்மை. மொழிச் சிறுபான்மை நிறுவனங்களாகப் பதிவான கல்லூரிகளில் அந்த மொழிக்காரர்களுக்கென்று இடங்கள் உண்டு. நம் பிள்ளையின் லீவிங் சர்டிபிகேட்டில் தாய்மொழி என்கிற இடத்தில் 'தமிழ்' என்று இருக்கிறதா என்று இன்றைக்கே வீட்டில் போய்ப் பாருங்கள். அந்த இடத்தைச் சும்மா விட்டிருந்தாலோ வேறு மொழி போட்டிருந்தாலோ பள்ளியை விடும் முன் திருத்துங்கள்.

தமிழ்நாட்டுக்கே போய்ப் படிக்கலாமா என்று கேட்கிறார்கள். பூர்வீகச் சான்றிதழ் காட்டினால் அங்கே இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்று 2020இல் மருத்துவத்திலும் 2021இல் இன்ஜினியரிங்கிலும் அங்கே கொண்டுவந்த 7.5 விழுக்காடு, அங்குள்ள அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்தவர்களுக்கு மட்டும். நம் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைக்கு அது கிடையாது. அங்கே போனால் மும்பைக்காரன், இங்கே இருந்தால் மதராஸி.

மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியபோது, 2000 ஜனவரி 1க்கு முந்திய காகிதத்தைத் தேடி எல்லோரும் தகரப் பெட்டியைக் கவிழ்த்தோம் அல்லவா? அந்தப் பெட்டியில் தாத்தாவின் ரேஷன் கார்டு, தோல் ஷாப்பில் கொடுத்த வேலைச் சீட்டு, பழைய வாடகை ரசீது எது கிடைத்தாலும் தூக்கிப் போடாதீர்கள். வீட்டுக்குக் கேட்கிற அதே காகிதத்தை நாளைக்குப் பிள்ளையின் படிப்புக்கும் கேட்பார்கள்.

செலவைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐ.ஐ.டி.யில் பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. மற்றவர்களில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குள் இருந்தால் முழுத் தள்ளுபடி, ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு. உள்ளே போவதுதான் கஷ்டம். போய்விட்டால் கட்டணத்துக்காகத் திரும்பி வர வேண்டியதில்லை. தயாரிப்புக்கு, மத்தியக் கல்வி அமைச்சகமும் கான்பூர் ஐ.ஐ.டி.யும் 2023இல் தொடங்கிய 'சாத்தீ' என்கிற இலவசப் பயிற்சி இருக்கிறது. போன் போதும். ஆனால் அந்தப் போனைப் பிள்ளை படிக்கும் நேரத்தில் வீட்டில் யாரும் சீரியலுக்காகப் பிடுங்கக் கூடாது.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் இறங்க மனமில்லை. 48 மார்க் வாங்கிய பையனுக்குப் பட்டறை, 48 வாங்கிய பெண்ணுக்கு ஊரில் மாப்பிள்ளை. பையனாவது இரண்டு வருஷம் கழித்து நைட் ஸ்கூலுக்குத் திரும்பி வருகிறான். ஊருக்கு அனுப்பிய பெண் திரும்பி வந்து படித்ததை இந்தத் தெருவில் யார் பார்த்திருக்கிறீர்கள்? வீட்டு வேலையும் தம்பி தங்கையும் தண்ணீர் வரிசையும் போக மிச்ச நேரத்தில் அவள் வாங்கிய 48 அது. அவளுக்கு மாலையில் இரண்டு மணி நேரம் ஒழித்துக் கொடுத்துவிட்டு அப்புறம் மார்க்கைப் பாருங்கள். ஐ.ஐ.டி.களில் பெண்கள் ஐந்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பதற்காக 2018 முதல் கூடுதல் இடங்கள் கொடுத்து, 2020இல் 20 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த இடங்களுக்குத் தாராவியிலிருந்தும் லேபர் கேம்ப்பிலிருந்தும் சீட்டா கேம்ப்பிலிருந்தும் பெண்கள் விண்ணப்பம் போட வேண்டாமா?

நாங்கள் செய்யப் போவதைச் சொல்லி முடிக்கிறோம். சங்க அறையை இந்த வாரத்திலிருந்து மாலை 7 முதல் 11 வரை படிப்பதற்கு மட்டும் விடுகிறோம். அந்த நேரத்தில் கேரம் கிடையாது, அரசியல் பேச்சும் கிடையாது, நிர்வாகிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். தமிழ் மீடியத்திலிருந்து எட்டாவதுக்கு மாறும் பிள்ளைகளுக்கு, கணக்கிலும் அறிவியலிலும் வரும் வார்த்தைகளைத் தமிழிலும் இங்கிலீஷிலும் பக்கம் பக்கமாக எழுதி ஒரு நோட்டு தயாராகிறது. காலேஜ் படிக்கும் நான்கு பிள்ளைகள் சொல்லிக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குப் பதினொன்றாம் வகுப்பு ஆன்லைன் பாரம் நிரப்ப வாருங்கள். மார்க் ஷீட், லீவிங் சர்டிபிகேட், தகப்பனாரின் சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார், இவ்வளவும் ஜெராக்ஸோடு. ஒன்பதாவதில் லீவிங் சர்டிபிகேட் வாங்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிற பெற்றோர் யாராவது இங்கே இருந்தால் கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கு உங்களோடு வர இரண்டு பேர் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.